ஏழாவது பிடி

பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாய். இந்தக் கடிதத்தை உன் பையில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே போய் நீ பையைத் திறக்கும்போது நான் முந்நூறு நானூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பேன், உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. அப்படி நினைத்த உடனேயே எனக்கே வெட்கமாகிவிட்டது. அதனால் வெள்ளிக்கிழமையே உன் கையில் கொடுக்கிறேன். படித்துவிட்டுக் கத்த வேண்டுமென்றால் கத்துவதற்கு இரண்டு நாள் இருக்கிறது. நான் வீட்டில்தான் இருப்பேன்.

இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. ஒரு நகலை நீ சுவர் ஏறிப் பழகிய கொட்டகையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி, உங்கள் பயிற்சியாளர் விநோத் சாரிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு அந்தக் கொட்டகையில், எல்லோர் முன்னாலும், ஒரு தவறை உன் தவறு என்று நீ ஒப்புக்கொண்டாய். அது உன் தவறு அல்ல. உன்னோடு சுவர் ஏறிய ஷீலா விழுந்ததற்குக் காரணம் நான். ஊரறிய விழுந்த பழியை வீட்டுக்குள் காதோடு காதாகச் சொல்லித் துடைக்க முடியாது. வெளியாட்களும் படிப்பார்கள் என்பதால், உனக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். எழுத உட்கார்ந்ததிலிருந்து கை வியர்த்துக்கொண்டே இருக்கிறது, தாளின் ஓரம் ஈரமாகிவிட்டது. சுவர் ஏறும் முன் நீங்கள் கையில் பூசிக்கொள்ளும் அந்த வெள்ளைப் பவுடர் எனக்கும் கொஞ்சம் வேண்டும்போல் இருக்கிறது.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். பேச மாட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்து என்னை அனுப்பினார்கள். கவரைப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் போய் மூன்று வருடம் வேதியியல் படித்தேன். அந்த மூன்று வருடத்தில் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை. முதல் பருவத்தில் ஒரு ஆசிரியை வருகைப் பதிவேட்டில் என் பெயரைத் தவறாக எழுதிவிட்டார். எழுந்து சரியான பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் பருவம் முழுக்க யாருடையதோ ஒரு பெயருக்கு ‘பிரசன்ட் மேடம்’ சொன்னேன். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாய். “இன்னாமா நீ, வேற ஆளா காலேஜ் போய்க்கினு இருந்தியா?” என்று விழுந்து விழுந்து சிரிப்பாய். நானும் சிரிப்பேன். என் கூச்சத்தால் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை செய்யும் கம்பெனி என்ன செய்கிறது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. சுவரில் ஏறிப் பழகுகிறவர்களுக்காக, கையால் பற்றவும் காலை வைக்கவும் பிசினை அச்சில் ஊற்றி விதவிதமான பிடிகள் செய்கிறோம். வெளிநாட்டுக்குப் போகிறது. “கல்லு செய்றாங்களாமே உன் கம்பெனில?” என்று உன் பெரியப்பா கேட்டதும், “மலைல இல்லாத கல்லா? ஒரு லாரி இட்டாந்து நான் ஏத்தி உடறேன்” என்று சிரித்ததும் நினைவிருக்கும். என் வேலை, ஒவ்வொரு பிடியையும் கையில் எடுத்துப் பார்ப்பது. விரிசல் இருக்கிறதா, நடுவில் போல்ட் போகும் ஓட்டை நேராக இருக்கிறதா, பக்கத்தில் சின்ன ஸ்க்ரூவுக்கான ஓட்டை இருக்கிறதா. போல்ட் பிடியைச் சுவரோடு இறுக்குகிறது. ஆனால் ஒரே புள்ளியில் இறுக்கிய எதுவும் சுழலக்கூடும். சுழலாமல் காப்பது அந்தச் சின்ன ஸ்க்ரூ. அந்த ஓட்டை இல்லாத பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் சிவப்புத் தொட்டியில் போடுவேன். பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படி. நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

செய்த பிடிகளைச் சோதித்துப் பார்க்கப் பழைய கிடங்குக் கொட்டகை ஒன்றில் பலகைச் சுவர் கட்டினார்கள். நான்கு மீட்டர் உயரம், கயிறு கிடையாது, கீழே தடித்த மெத்தை. சனி ஞாயிறுகளில் தொழிலாளர்களின் பிள்ளைகள் வந்து ஏறலாம் என்றார்கள். உனக்கு அப்போது பதினான்கு வயது. முதல் நாள் நீ கையாலேயே தொங்கித் தொங்கி ஏறினாய். அன்று வீட்டுக்கு வந்து உன்னால் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை, முழங்கைக்குக் கீழே கல்லாக இறுகியிருந்தது. சென்னையிலிருந்து வந்து பழக்கிய விநோத் சார் உன்னை ஒரு மாதம் உன் பாதங்களை மட்டும் பார்க்கச் சொன்னார். காலை ஒரு பிடியில் வைக்கும்வரை கண் அதிலேயே இருக்க வேண்டும், கால் கட்டைவிரல் பக்கமாக ஊன்ற வேண்டும், கை நேராகத் தொங்க வேண்டும், இடுப்பு சுவரோடு ஒட்ட வேண்டும். நான் மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு இதையெல்லாம் பார்ப்பேன். நீ மேலே போகப் போக நாற்காலியை மெத்தைக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொள்வேன். ஏழு வருடமாக அது மாறவில்லை. நீ கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒருமுறை என்னையும் ஏறச் சொன்னாய். இரண்டு பிடி ஏறினேன், மூன்றாவதில் உறைந்துபோனேன். தரையிலிருந்து என் கால் மூன்றடிகூட இல்லை. ஆனாலும் இறங்கவும் முடியவில்லை. நீ வந்து என் முதுகுக்குப் பின்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாய். “கீழ பாக்காதமா. கைய லூசா உடு, சும்மா கதவு புடிக்கிற மாரி புடி. கனம் பூரா கால்ல வை. இடது காலுக்குக் கீழ மஞ்சப் பிடி கீது பாரு, கீது கீது, அத்த தொடு.” உன் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அன்று உனக்குப் பதினாறு வயது. யாருடைய உடம்பு எங்கே பயப்படும், அந்த உடம்புக்கு அடுத்த கால் எங்கே வேண்டும் என்று உன்னால் வெளியில் நின்றே பார்க்க முடிகிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். சுவரில் பாதை அமைக்கும் வேலைக்கு நீ வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பாதை அமைப்பது என்றால், எந்தப் பிடியை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் வைத்தால் ஏறுகிறவர் எப்படி அசைய வேண்டியிருக்கும் என்று யோசித்து வைப்பது. ஏறுகிறவர்கள் அதை ரூட்டு என்பார்கள். நம் சமையலறையில் நீ இரண்டு கையையும் காற்றில் வைத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி, ஒற்றைக் காலில் நின்று யோசிப்பாய். அப்பா வந்து, “இன்னா பாப்பா, காத்துல யார் ஊட்டு செவுரு ஏர்ற?” என்பார். விநோத் சார் உனக்கு மூன்று விஷயம் சொல்லியிருந்தார். போல்ட்டை இறுக்கியதும் ஸ்க்ரூ. பிறகு, அமைத்தவரே ஏறிச் சோதிக்க வேண்டும். சோதித்து முடித்த பிறகு அந்தச் சுவரை யாரும் தொடக் கூடாது, தொட்டால் மறுபடி முதலிலிருந்து சோதனை. இந்த மூன்றாவது விதி ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்கு ஏறிக் காட்ட ஒரு ரூட்டை நீயே அமைக்க வேண்டும் என்று விநோத் சார் சொன்னார். உன் முதல் ரூட்டு. பதினோரு பிடி. அதில் ஏழாவது, சுவரில் முக்கால் உயரத்தில், ஒரு நீளமான பச்சைப் பிடி. போல்ட் ஓட்டை அதன் ஒரு ஓரத்தில் இருக்கும். நீ அதை நிமிர்த்தி வைத்திருந்தாய், விளிம்பு இடது பக்கம் பார்த்திருந்தது. மற்ற பிடிகளைப் போல அதைக் கீழ்நோக்கி இழுத்தால் கை வழுக்கிவிடும். இடது கையால் பற்றி உடம்பை அப்படியே வலது பக்கம் சாய்த்தால் நிற்கும். சனிக்கிழமை சோதனையில் நீ அந்த இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தாய். ஒவ்வொரு முறையும் மெத்தையில் மல்லாந்து கிடந்து சிரித்தாய். கடைசியில் சாய்ந்து நின்றாய். “தொங்குனா உடும், சாஞ்சா நிக்கும். சூப்பர் பிடிமா இது!” என்று மேலிருந்து கத்தினாய். உனக்கு அதில் இருந்த சந்தோஷம் எனக்குப் புரியவில்லை. நீ விழுந்தது மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் என் பெண் அந்த இடத்தில் விழப்போகிறாள், இந்த முறை கழுத்து மடங்க விழப்போகிறாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, மேசையில் மாதிரிப் பிடிகளை அடுக்குவதற்காக நான்தான் கொட்டகையை முதலில் திறந்தேன். சக்கரம் வைத்த ஏணி அங்கேயே நின்றது. மேசைக்கு அடியில் கருவிப் பெட்டி. திருப்புளியையும் போல்ட் சாவியையும் எடுத்துக்கொண்டேன். ஏறினேன். எனக்கு உயரம் என்றால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் ஏறினேன். ஏழாவது பிடியின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். போல்ட்டைத் தளர்த்திப் பிடியைக் கால்வட்டம் திருப்பி, விளிம்பு மேலே பார்க்கும்படி, அலமாரிப் பலகைபோலப் படுக்கையாக வைத்தேன். இனி நீ சும்மா தொங்கினாலே போதும். போல்ட்டைச் சாவியால் என் கைபலத்துக்கு முடிந்தவரை இறுக்கினேன். ஸ்க்ரூ புதிய இடத்தில் பலகைக்குள் இறங்க மெஷின் வேண்டும். அதற்குள் வாசலில் கார் சத்தம். ஸ்க்ரூவை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். விநோத் சார் வந்ததும் சொல்லி, மெஷினால் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

விநோத் சார் வந்தார். வந்தவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே வந்தார். நான் அவரை நோக்கி நான்கைந்து அடி வைத்தேன். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, தேநீர்க் குவளைகளைச் சரிசெய்வதுபோல் திரும்பி வந்துவிட்டேன். பெரியவர்கள் பேசும்போது நடுவில் போய் ‘சார், ஒரு நிமிஷம்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மறுபடி போனேன், மறுபடி திரும்பினேன். நாற்பது வயதில், பட்டம் வாங்கிய ஒருத்திக்கு இந்தக் கூச்சம். அவர்கள் சீக்கிரம் வந்துவிட்டதால், நீ வந்ததுமே உன்னை இன்னொரு கட்டடத்துக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துவர அனுப்பியிருந்தார்கள். நீ திரும்புவதற்குள் சொல்லிவிடலாம், நீ வராமல் யாரும் ஏறப்போவதில்லை என்று நம்பினேன். விநோத் சார் மெத்தையருகே நின்ற பெண்ணிடம் திரும்பி, “ஷீலா, அவ வர்றதுக்குள்ள நீ ஒரு தடவ ஏறிக் காட்டு” என்றார்.

ஷீலா யார் என்று தெரியாதவர்களுக்கு: அத்திப்பட்டுப் பெண். அவளுடைய அப்பா எங்கள் அச்சுப் பிரிவில் வேலை செய்தார். உன் வயது. ஐந்து வருடம் உன்னோடு சேர்ந்து ஏறினாள். உன்னைவிட நன்றாக ஏறுவாள், அதை நீயே சொல்வாய். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகும் நிலையில் இருந்தாள். அவள் கையில் பவுடர் பூசினாள். இரண்டு கையையும் தட்டினாள். முதல் பிடியில் கை வைத்தாள். ஏழாவது பிடிக்கு அவள் போய்ச் சேர இருபது விநாடி ஆகியிருக்கும். அந்த இருபது விநாடியில் ‘நில்லு’ என்று ஒரு வார்த்தை போதும். என் வாய் திறந்துதான் இருந்தது. சத்தம் வரவில்லை. அவள் பச்சைப் பிடியில் கனத்தைப் போட்டதும் அது கடிகார முள் போலக் கீழே சுழன்றது. பிடி கையை விட்டுப் போகும் என்று எதிர்பார்க்காதவள் முதுகுப் பக்கமாக விழுந்தாள். விழும்போது கையை ஊன்றக் கூடாது என்று உங்கள் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தருவார்கள். யோசிக்க நேரம் இருந்தால்தானே? வலது கையைப் பின்னால் ஊன்றினாள். அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

நீ பாட்டில்களோடு வாசலில் நின்றாய். விநோத் சார் மேலே ஏறிப் பார்த்தார். பிடி தலைகீழாகத் தொங்கியதால் அதை யாரோ திருப்பி வைத்தது யாருக்கும் தெரியவில்லை. பலகை முழுக்கப் பழைய ஸ்க்ரூ ஓட்டைகள், எது நேற்றுப் போட்டது என்று யாரால் சொல்ல முடியும்? “ஏழாவதுல ஸ்க்ரூ இல்ல. யார் போட்டது?” என்றார். நீ, “நான்தான் சார்” என்றாய். “போட்டியா இல்லையா?” “போட்டேன் சார்.” அவர் ஸ்க்ரூ இல்லாத ஓட்டையில் விரலை வைத்துக் காட்டினார். உன் முகம் மாறுவதை நான் பார்த்தேன். “போட்டேன்னுதான் சார் நெனச்சேன்” என்றாய். அந்த ஒரு நொடியில் உன் கையின் மேல் உனக்கு இருந்த நம்பிக்கை போனது. ஸ்க்ரூ என் பையில் இருந்தது. நான் உனக்கு எட்டடி தூரத்தில் நின்றிருந்தேன். மறுநாள் அதை வேலை செய்யும் இடத்தில் கழிவுத் தொட்டியில் போட்டேன்.

மருத்துவமனைக்கு நாம் இருவரும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனோம். ஷீலாவின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, “உங்க பொண்ண திட்டாதீங்க மேடம். சின்னப் பொண்ணு, மறந்துடுச்சி. அதுவும் ராப்பகலா அழுவுதாமே” என்றார். நான் தலையாட்டினேன். நான் செய்ததிலெல்லாம் மோசமானது அதுதான். பிடியைத் திருப்பியது பயத்தில். வாயடைத்து நின்றது கூச்சத்தில். அந்தத் தலையாட்டலுக்கு மட்டும் எனக்குப் பெயர் தெரியவில்லை. அந்த அம்மாவின் நல்ல மனதையும் உன் பெயரையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு நீ எட்டு மாதம் சுவர்ப் பக்கமே போகவில்லை. போன பிறகும் பழைய பெண்ணாகப் போகவில்லை. ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மூன்று முறை தொட்டுப் பார்ப்பாய். பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாய். அது வீட்டுக்குள்ளும் வந்தது. காஸ், பூட்டு, இஸ்திரிப் பெட்டி. அப்பா கேலி செய்வார். “நாலாவது தபாவும் பாத்துடு பாப்பா, சிலிண்டரு எழுந்து ஓடிடப் போவுது.” நீ சிரிக்காமல் நாலாவது முறையும் போய்ப் பார்ப்பாய். அடுப்படியில் நின்று நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். தினமும் ஒரு காரணம் கிடைத்தது. நாள் ஆக ஆக, செய்ததைவிடச் சொல்லாததே பெரிதாகிவிட்டது. பிறகு, இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லவும் பயந்தேன்.

போன மாதம் பெங்களூரில் ரூட்டு அமைக்கும் வேலைக்கான மூன்று நாள் சோதனைக்குப் போய் வந்து நீ அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். “வேல குடுத்துட்டாங்கபா. ஆனா அங்க பெரிய ஆளு ஒரு மேடம், அவங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? உன் ரூட்டெல்லாம் பயந்த ரூட்டு, ஏர்றவங்கள எந்த எடத்துலயும் நீ தனியா உட மாட்டேங்கிறன்னாங்க.” அப்பா, “பத்திரமா இருந்தா நல்லதுதானே, இதுக்கு இன்னா பேஜாரு” என்றார். நீ, “அது ரூட்டு இல்லபா, ஏணி” என்றாய். என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டேன். சாய்ந்தால் நிற்கும் என்று மேலிருந்து கத்திய பெண், இன்று எல்லாப் பிடியையும் விளிம்பு மேலே பார்க்கும்படி வைக்கிறாள். அன்று காலை நான் திருப்பி வைத்த மாதிரியே. உன் ரூட்டில் இருக்கும் பயம் என்னுடையது.

அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். “இத்தினி நாளு உள்ளயே வச்சிக்கினு எப்டி சோறு துன்ன?” என்றார். பிறகு, “என்னாண்ட சொல்லி இன்னா ஆவும்? சொல்ல வேண்டியவங்க ரெண்டு பேரு கீறாங்க. போ” என்றார்.

புதன்கிழமை வேலை முடிந்து நேராக அத்திப்பட்டுக்குப் போனேன். ஷீலா மட்டும் வீட்டில் இருந்தாள். “வாங்க ஆன்ட்டி, இன்னா இந்தப் பக்கம்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். இடது கையால் இழுத்தாள். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து நின்றபடியே சொன்னேன். அவள் முதலில் கேட்டது, “அப்ப அவ ஸ்க்ரூ போட்டாளா?” என்பதுதான். போட்டாள் என்றேன். “கழட்டுனது நீங்க.” நான்தான் என்றேன். வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். அது இன்னும் முழுதாக மடங்குவதில்லை. “ரெண்டு வருசமா அவ என்னாண்ட வர்ல ஆன்ட்டி. போன் பண்ணா எடுக்க மாட்டா. கையயும் ஒடச்சிட்டு மூஞ்சியும் காட்ட மாட்றா பாரு, இன்னா திமிருன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன். அவ வெக்கப்பட்டுக்கினு கெடந்தாளா?” திடீரென்று திரும்பி, “இப்ப ஏன் வந்தீங்க? அவ ஊருக்குப் போறான்னா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப எனக்காவ வர்ல” என்றாள். அது உண்மைதானே. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள். செருப்பைப் போடும்போது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அவ நம்பரு பழசுதானே? மாத்திட்டாளா?” மாற்றவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் கூப்பிடுவாளா தெரியாது. கூப்பிட்டால் எடு. கூப்பிடாவிட்டால் நீயே போ.

வியாழக்கிழமை விநோத் சாரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நான் அந்தப் பொண்ண எல்லார் முன்னாடியும் கேட்டேனே” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். பிடிகளைச் சோதிக்கும் ஒருத்தி சுவரில் இப்படிச் செய்தால் அவளை அந்த இடத்தில் வைத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். நானாக இருந்தாலும் கேட்பேன். பயமாக இருக்கிறது. ஆனால் இந்தப் பயம் எனக்கு உரியது, அதை நீ சுமக்க வேண்டாம். இதற்காக நீ பயணத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நீ இருந்தால் நான் உன் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் அம்மா என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புது ஊரில் பெரியவர்கள் எவ்வளவு முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாலும், சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் போய்ச் சொல். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நீ அமைத்த சுவரை யாராவது உன்மேல் உள்ள அன்பினால் மாற்ற வந்தால், அவர்களை ஏணியிலிருந்து இறக்கிவிடு. ஸ்க்ரூவை ஒருமுறை போடு, ஒருமுறை பார், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போ. ஏறுகிறவர்கள் விழுகிற இடம் ஒன்று உன் ரூட்டில் இருக்கட்டும். அவர்கள் மெத்தையில் கிடந்து சிரிப்பார்கள், எழுந்து மறுபடி வருவார்கள். அதைப் பார்க்க முடியாத என்னைப் போன்றவர்கள் வெளியே போய் நிற்கட்டும்.

நீ இந்த இரண்டு வருடம் உன்னையே கேட்டுக்கொண்ட ஒரு கேள்வி உண்டு. போட்டேனா, போட்டேன் என்று நினைத்தேனா? அதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நான்தான், அந்தச் சாட்சியும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த ஸ்க்ரூ முழுதாக உள்ளே இறங்கியிருந்தது. அதன் தலை பிடியோடு ஒட்டியிருந்தது, நடுவில் நகம் நுழைய இடமில்லை. திருப்புளியை ஒரு கையால் திருகினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, வயிற்றை ஏணியில் முட்டுக்கொடுத்து, உடம்பின் கனத்தையெல்லாம் போட்ட பிறகுதான் அது திரும்பியது. நீ அப்படிப் போட்டிருந்தாய், பாப்பா.

அம்மா